எதிர்காற்றில் எத்தனை மலைகள்

ஆடிக் கிருத்திகைக்குச் சென்னையிலிருந்து திருத்தணி போகிறவர்கள் மேற்கு நோக்கிப் போகிறார்கள். பாடி, அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் என ஊர்களைக் கடந்து சுமார் 85 கி.மீ. போனால் முருகனின் ஐந்தாம் படைவீடு. காவடியோடு நடப்பவர்கள், வேனில் போகிறவர்கள், ரயிலில் இறங்கி வருகிறவர்கள் என்று லட்சக்கணக்கில் கூடும் கூட்டத்தில் சைக்கிளில் வருகிறவர்களும் உண்டு. பயணத்தில் எது கஷ்டம் என்று கேட்டால் பெரும்பாலோர் கைகாட்டுவது மலையைத்தான். அடிவாரத்திலிருந்து கோயில்வரை 365 படிகள், ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது ஐதீகம். வண்டிகள் ஏற மலைச்சாலையும் இருக்கிறது. அண்ணாந்து பார்க்கும்போதே மூச்சு வாங்குகிறது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த மலை அன்றைய பயணத்தின் மிகச் சிறிய செலவு. பெரிய செலவு மலைக்கு முன்பே, மேடே இல்லாத சாலையில் முடிந்துவிடுகிறது. ஆடி மாதம் மேல்காற்றுக் காலம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு, வறண்ட காற்றாக வட தமிழகத்தின் சமவெளியைக் கடந்து கடலை நோக்கிப் போகிறது. திருத்தணிக்குப் போகிறவருக்கு அது நேரே முகத்தில் அடிக்கும் காற்று.

இந்த ஒப்பீட்டுக்குத் திருத்தணியைவிடப் பொருத்தமான ஊர் அமைவது கடினம். சென்னைக் கடற்கரையில் தொடங்கும் சமவெளி இங்கேதான் முடிகிறது. ஊருக்கு அப்பால் நகரி மலைகள், அவற்றுக்கு நடுவே புத்தூர், திருப்பதிச் சாலை. 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்து, ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்தின் பலனாகத் தமிழகத்துக்கு வந்த ஊர் இது. கிழக்கே காற்றடிக்கும் சமவெளி, மேற்கே மலை. சைக்கிள்காரருக்கு இரண்டு ஆசிரியர்களும் ஒரே ஊரில் கிடைக்கிறார்கள்.

கணக்குக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். எடை 65 கிலோ. அவருடைய சைக்கிள் நம் வீடுகளில் தலைமுறையாக இருக்கும் கியர் இல்லாத கறுப்புச் சைக்கிள், 20 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறார். பழக்கமுள்ள, ஆரோக்கியமான ஒருவர் மணிக்கணக்கில் தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவாக 100 வாட் திறனைக் கால்களிலிருந்து கொடுக்கிறார் என்று கொள்வோம். காற்றே இல்லாத சமமான தார்ச்சாலையில் இந்த 100 வாட் அவரை மணிக்குச் சுமார் 21 கி.மீ. வேகத்தில் கொண்டுபோகும். இனி வரும் எண்கள் எல்லாம் இவரை வைத்துப் போட்ட கணக்கு. ஆள், சைக்கிள், டயரின் காற்று, சாலை ஆகியவற்றைப் பொறுத்து அவை கொஞ்சம் ஏறி இறங்கும். அளவுகளின் விகிதம் பெரிதாக மாறாது.

முதலில் மலை. ஒரு படி அரை அடி உயரம் என்று கொண்டால் 365 படிகள் ஏறக்குறைய 55 மீட்டர். 85 கிலோவை 55 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டிய ஆற்றல் சுமார் 46,000 ஜூல். உடம்பு தான் செலவழிக்கும் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் பெடலுக்குக் கொடுக்கிறது, மீதி வெப்பமாகி வியர்வையில் போகிறது. அப்படிப் பார்த்தால் மலை ஏறச் செலவாகும் உணவு சுமார் 44 கலோரி. ஒரு இட்லி.

ஒரே ஒரு இட்லிதான் என்றால் ஏன் தொடை எரிகிறது, ஏன் பாதி வழியில் இறங்கித் தள்ளுகிறோம்? காரணம் ஆற்றலின் அளவில் இல்லை, அதைக் கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. 20 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் சாலை என்று வைப்போம். பூமி நம்மவரைப் பின்னால் இழுக்கும் விசை கிட்டத்தட்ட நாலேகால் கிலோ எடைக்குச் சமம். 100 வாட்டில் அவர் மணிக்கு 7 கி.மீ.க்குச் சற்று மேல்தான் போக முடியும். கியர் இல்லாத சைக்கிளில் பெடல் ஒரு சுற்று வந்தால் வண்டி 5 மீட்டருக்கு மேல் நகர வேண்டும், அதை மாற்ற வழியில்லை. ஆகவே அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 23 சுற்றுதான் சுற்றும். சுற்று குறைந்தால் ஒவ்வொரு மிதிக்கும் விசை கூடியாக வேண்டும். சமதளத்தில் சராசரியாக 9 கிலோ அழுத்தம் போதுமாக இருந்த இடத்தில் இப்போது 25 கிலோ. கால் கீழே போகும் நேரத்தில் மட்டுமே அழுத்தம் கிடைப்பதால் உச்சத்தில் அது இரட்டிப்பாகும். சீட்டை விட்டு எழுந்து முழு உடம்பையும் பெடலில் போட்டு மிதிப்பது இதனால்தான். தசை நாரின் பலம் இங்கே சோதிக்கப்படுகிறது, அதில் சேமித்த எரிபொருள் அவ்வளவாகச் சோதிக்கப்படுவதில்லை. பின்சக்கரத்தில் ஒரு பெரிய பல்சக்கரத்தை மாட்டிக் கொடுங்கள். அதே ஆள், அதே 100 வாட்டில், உட்கார்ந்தபடியே ஏறிவிடுவார். அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குக் கொடுக்கப்படும் விலையில்லா சைக்கிளும் கியர் இல்லாததுதான். மலையோர ஊர்களில் படிக்கும் பிள்ளைகளுக்காவது கியர் வைத்த சைக்கிள் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு.

காற்றின் கணக்கு வேறு விதம். சைக்கிளில் போகிறவர் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறார். தள்ள வேண்டிய விசை, அவருக்கும் காற்றுக்கும் இடையே உள்ள வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு எதிரே 18 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் அவர் உணரும் காற்று 36 கி.மீ. வேகம் இரண்டு மடங்கு, விசை நான்கு மடங்கு. சாலையில் வேகம் குறையாமல் போக நினைத்தால், முன்பு 70 வாட்டில் முடிந்த வேலைக்கு இப்போது 190 வாட் வேண்டும். ஒரு மணி நேரம் அதைத் தாங்குவது பயிற்சி இல்லாதவர்களுக்குச் சுலபமில்லை.

இப்போது ஆடி மாதச் சாலைக்கு வருவோம். பலத்த காற்றெல்லாம் வேண்டாம். கொடியை அசைத்துக்கொண்டிருக்கும் அளவில், மணிக்கு 10 கி.மீ. மேல்காற்று சென்னை முதல் திருத்தணிவரை வீசுகிறது என்று கொள்வோம். நம்மவரின் வேகம் 21-லிருந்து 16 ஆகக் குறைகிறது. நான்கு மணி நேரப் பயணம் ஐந்தேகால் மணி நேரமாகிறது. அந்த வேகத்தில் காற்றில்லாமல் போயிருந்தால் ஆகியிருக்கும் ஆற்றலைக் கழித்துவிட்டு, காற்று மட்டும் கூடுதலாகப் பிடுங்கியது எவ்வளவு என்று பார்த்தால், 8,80,000 ஜூல் வருகிறது. திருத்தணி மலையை 19 முறை ஏறும் ஆற்றல் அது. உயரமாகச் சொன்னால் 1,000 மீட்டருக்கு மேல். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு ஏறுவதை நெருங்கும் உழைப்பு. அவர் அடிவாரத்துக்கு வந்து சேரும்போது கண்ணுக்குத் தெரியாத 19 மலைகளை ஏறி முடித்திருக்கிறார். இருபதாவது மலையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்!

அவர் சோர்ந்து நிற்பதற்கு இந்த இருபதாவது மலை காரணமில்லை என்பது அவருக்கே தெரிவதில்லை. காற்றில்லாத நாளில் வந்திருந்தால் அதே மலை எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. மலை வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். 55 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிய உடம்பில் அந்த 46,000 ஜூலும் பத்திரமாக இருக்கிறது. இறங்கும்போது பெடலைத் தொடாமலே வண்டி ஓடுகிறது. முழுவதையும் நாம் வாங்கிக்கொள்வதில்லை என்பது உண்மை. 20-க்கு 1 சரிவில் நேராக விட்டால் நம்மவரின் வேகம் மணிக்கு 38 கி.மீ.வரை போகும். கோயில் சாலையின் வளைவுகளிலும் கூட்டத்திலும் அப்படி விட முடியாது, பிடித்த பிரேக் கட்டையின் சூட்டில் பாதி ஆற்றல் போய்விடும். ஆனால் 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்று மெதுவாக ஏறி இறங்கும் சாலையில் இறக்கத்தின் வேகம் தானாகவே 21 கி.மீ.யில் நின்றுகொள்ளும். அவர் சமதளத்தில் மிதித்துப் போகும் அதே வேகம்! பிரேக் தேவையில்லை, கொடுத்தது அத்தனையும் கைக்கு வருகிறது. மேடு பள்ளமான சாலையில் நாள் முழுக்க ஓட்டியவர் பலமான காற்றில் அரை நாள் ஓட்டியவரைவிடத் தெம்பாக இருப்பது இதனால்தான்.

எதிர்காற்றும் திரும்பும்போது பின்காற்றாகி உதவுமே, அதுவும் சரிக்குச் சரிதானே என்று தோன்றும். அப்படி இல்லை. 20 கி.மீ. தூரம் எதிர்காற்றில் போய், அதே சாலையில் பின்காற்றோடு திரும்புகிறார் என்று கொள்வோம். காற்றின் வேகம் 18 கி.மீ. போகும்போது மணிக்கு 12.6 கி.மீ., 95 நிமிடம். வரும்போது கிட்டத்தட்ட 33 கி.மீ., 37 நிமிடம். மொத்தம் 132 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 113 நிமிடத்தில் முடிந்திருக்கும். கால்கள் ஒரே திறனைத்தான் கொடுத்தன. 19 நிமிடம் எங்கே போயிற்று? எதிர்காற்றில் வேகம் குறைவதால் அதற்குள் அதிக நேரம் இருக்கிறார், பின்காற்றில் வேகம் கூடுவதால் அதன் உதவியைச் சீக்கிரமே முடித்துக்கொள்கிறார். தண்டனை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், பரிசு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். நேரக் கணக்கில் மலைக்கும் இதே குறை உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏற 9 நிமிடம் எடுத்த மலையை இறங்க 2 நிமிடம் போதும், அந்த 2 நிமிடத்தால் 9-ஐ ஈடுகட்ட முடியாது. ஆனால் ஏற்றம் முடிந்ததும் இறக்கத்தில் கால் ஓய்வெடுக்கிறது. எதிர்காற்றில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும்.

பக்கக் காற்றின் கதையைத் தனுஷ்கோடியில் பார்க்கலாம். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனைவரை 2017-இல் திறந்த சாலை தென்கிழக்காகப் போகிறது. இரு பக்கமும் கடல், நடுவே மணல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. காற்றுக்குப் பேர்போன இடம் இது. அருகே பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இந்தச் சாலைக்குக் காற்று கிட்டத்தட்டச் செங்குத்தாகப் பக்கத்திலிருந்து வருகிறது. பக்கத்திலிருந்து வரும் காற்று தள்ளவும் செய்யாது, தடுக்கவும் செய்யாது என்று நினைப்போம். ஆனால் ஓடும் வண்டியில் இருப்பவருக்கு அது பக்கத்திலிருந்து வருவதே இல்லை. அவருடைய வேகமும் காற்றின் வேகமும் சமமாக இருந்தால், இரண்டும் சேர்ந்து சாய்வாக முன்னாலிருந்து 45 பாகையில், இன்னும் வேகமாக அடிக்கும். முன்னோக்கிய தடை 40 விழுக்காட்டுக்கும் மேல் கூடும். போகும்போதும் அதே கூடுதல், வரும்போதும் அதே கூடுதல். காற்று அந்த வேகத்தில் இருக்கும்போது, பக்கவாட்டிலிருந்து 12 பாகையாவது பின்னால் தள்ளி வந்தால்தான் நமக்கு லாபம். வட்டத்தின் எல்லாத் திசைகளையும் எடுத்துக்கொண்டால், உதவும் திசைகளைவிடக் கெடுக்கும் திசைகள் அதிகம். எந்தப் பக்கம் போனாலும் காற்று எதிரேதான் இருக்கிறது என்ற சைக்கிள்காரர்களின் புலம்பலில் நியாயம் இருக்கிறது!

சுமை கட்டிப் போகிறவர்களைப் பார்த்தால் இரண்டு எதிரிகளின் குணமும் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒருவர் கேரியரில் 50 கிலோ அரிசி மூட்டை வைத்திருக்கிறார். இன்னொருவர் சைக்கிளைச் சுற்றிப் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டி விற்கப் போகிறார்; எல்லாம் சேர்ந்தாலும் சில கிலோதான், ஆனால் வண்டியின் அகலம் மூன்று மடங்கு ஆகிவிட்டது. மலைச்சாலையில் மூட்டைக்காரர் தவிக்கிறார். இழுக்கும் விசை எடையோடு நேராகக் கூடுவதால், அவருடைய ஏற்றம் ஒரேயடியாக 60 விழுக்காடு கனத்துவிட்டது. குடக்காரர் அவரைத் தாண்டிப் போகிறார். காற்றடிக்கும் சமதளத்தில் நிலைமை தலைகீழ். மூட்டை முதுகுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் காற்றுக்கு அது இருப்பதே தெரியாது. டயர் கொஞ்சம் அழுந்தும், அவ்வளவுதான். குடங்களோ பாய்மரம். காற்று எடையைப் பார்ப்பதில்லை, தன் எதிரே நிற்கும் பரப்பைப் பார்க்கிறது. மலைப் போட்டிகளில் ஒல்லியானவர்கள் முந்துவதும், சமதளத்தில் கட்டுமஸ்தான ஆட்கள் குனிந்தபடி முந்துவதும் இதே விதியால்தான். வேட்டியையும் துப்பட்டாவையும் படபடக்க விடாமல் இழுத்துச் செருகிக்கொள்வதற்கும் ஹேண்டில்பாரை நோக்கிக் குனிவதற்கும் காற்றில் உடனே பலன் தெரியும். நன்றாகக் குனிந்தால் தடையில் கால் பங்கு குறையும். மலையில் குனிந்தால் முதுகு வலிதான் மிச்சம்.

மலையே இல்லாத நாட்டினர் இந்த எதிரியை எப்படி மதிக்கிறார்கள் என்பதற்கு நெதர்லாந்து ஒரு சாட்சி. ஐரோப்பாவில் உள்ள அந்த நாட்டுப் பகுதியின் மிக உயரமான இடமே 322 மீட்டர்தான். அங்கே 2013 முதல் எதிர்காற்றுக்கு என்றே தேசியச் சைக்கிள் போட்டி நடக்கிறது. தேதி முன்கூட்டியே கிடையாது. புயல்காற்று வரும் என்று வானிலை சொன்னதும் சில நாட்களுக்கு முன் அறிவிப்பார்கள். கடலைத் தடுத்துக் கட்டிய ஓஸ்டர்ஸ்ஹெல்டே அணையின் மேல் எட்டரை கி.மீ., மணிக்கு 50 கி.மீ.க்கும் மேற்பட்ட காற்றை எதிர்த்து ஓட்ட வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சைக்கிள், நம்முடையதைப் போலவே நிமிர்ந்து உட்காருவது, கியர் இல்லாதது. நம் 100 வாட் ஆளை அங்கே இறக்கினால் மணிக்கு நாலரை கி.மீ.தான் போவார். நடக்கும் வேகம். ஒரு மேடுகூட இல்லாத பாதையில்!

நம்மிடமும் அத்தகைய இடம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர்வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாயும் காற்றில், காவல்கிணறு பக்கமிருந்து நாகர்கோவிலை நோக்கி மிதித்துப் பாருங்கள். முப்பந்தலில் இரு பக்கமும் சுழலும் காற்றாலைகள் அதே விதியில் ஓடுகின்றன. காற்றின் வேகம் இரட்டித்தால் அதில் உள்ள திறன் எட்டு மடங்காகிறது. காற்றாலைக்கு அந்த எட்டு மடங்கு மின்சாரம். சைக்கிள்காரருக்கும் அதே மும்மடி விதிதான். காற்றில்லாத நாளில்கூட வேகத்தை இரட்டிப்பாக்க நினைத்தால் காற்றைத் தள்ள எட்டு மடங்கு திறன் வேண்டும்.

திருத்தணிச் சாலைக்குத் திரும்புவோம், அங்கே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஒருவர் பின்னால் ஒருவர் நெருங்கிப் போனால் பின்னால் வருபவருக்குக் காற்றுத் தடையில் மூன்றில் ஒரு பங்குவரை குறையும். முறை மாற்றி முன்னால் வந்தால் குழுவே மிச்சப்படுத்தும். மலைச்சாலையில் இந்த உத்திக்கு வேலையில்லை, 7 கி.மீ. வேகத்தில் மொத்தத் தடையில் காற்றின் பங்கு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. லாரியின் பின்னால் ஒட்டிப் போய்க் காற்றைத் தவிர்ப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம், அது உயிரோடு விளையாடுவது. வானிலை அறிக்கை சொல்லும் காற்றின் வேகம் 10 மீட்டர் உயரத்தில் அளந்தது. திறந்த வெளியில் நம் நெஞ்சுயரத்தில் அதில் முக்கால் பங்குதான் இருக்கும். வரிசையாக மரங்கள் நின்றால் இன்னும் குறையும். ஒரு மரவரிசை தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை காற்றைத் தணிக்கும். பழைய சாலைகளில் இரு பக்கமும் நின்ற புளியமரங்கள் நிழலோடு இதையும் கொடுத்தன. சாலையை அகலப்படுத்த வெட்டும்போது நிழல் போனது மட்டும் எல்லாருக்கும் தெரிகிறது. காற்று மறைப்பும் சேர்ந்து போனதை, சைக்கிளில் போகிறவர் மட்டுமே காலில் உணர்கிறார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, கிளம்பும் நேரம். இரவில் நிலம் குளிரும்போது அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துத் தரையோடு படிந்துகொள்கிறது. மேலே வேகமாக ஓடும் மேல்காற்று இந்தக் குளிர்ந்த அடுக்கின் மேலே வழுக்கிப் போய்விடுகிறது, கீழே பெரும்பாலும் அமைதி. வெயில் ஏறித் தரை சூடானதும் அடிக்காற்று மேலெழும்பும், மேல்காற்று கீழிறங்கும், எட்டு ஒன்பது மணிக்கு மேல் சாலையில் காற்று வலுக்கும். நள்ளிரவு தாண்டிக் கிளம்பி விடிந்து சற்று நேரத்தில் திருத்தணி சேர்ந்துவிடுகிறவர் அந்த 19 மலைகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம். இருட்டில் போவதால் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம்.

திரும்பும்போதாவது மேல்காற்று முதுகில் தள்ளும் என்று மத்தியானம் கிளம்புகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பிற்பகலில் நிலம் கடலைவிடச் சூடாகிவிட்டால், மேல்காற்று கொஞ்சம் அசந்த நாட்களில் சென்னைக் கடற்கரையிலிருந்து கடல்காற்று உள்ளே நுழையும். மெதுவாக முன்னேறித் திருவள்ளூர்வரையும், சில நாட்களில் அதைத் தாண்டியும் வரும். திருத்தணியிலிருந்து பின்காற்றில் சுகமாக வந்தவர் ஆவடிக்கு முன்னால் எங்கோ ஓரிடத்தில் அதைச் சந்திப்பார். சட்டைக்குள் சட்டென்று குளிர்ச்சி ஏறும், வண்டியின் வேகம் குறையும். கடைசி முப்பது கி.மீ.க்கு மறுபடியும் எதிர்காற்று, இந்த முறை கிழக்கிலிருந்து. மாலை ஏழு மணிக்கு மேல் அது தணியும்வரை ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருப்பது நல்லது.